தலைக்கு மேலே ஒரு பந்தயம்

இருப்புப் பாதை ஒரு முழம்கூட இல்லாத தீவில் இருப்புப் பாதை இலாகாவின் எழுத்தராக உத்தியோகம் பார்ப்பவர் ஊராரின் கேலிக்குத் தப்ப இயலாது. "என்ன ஸார், உங்கள் வண்டி இன்று எத்தனை மணி தாமதம்?" என்று கேட்காதவர் பத்துபஸ்தியில் ஒருவரும் இல்லை. நாமும் சளைப்பதில்லை. "இந்தியாவிலேயே ஒரு நாளும் தாமதமாகாத வண்டி நம்முடையதுதான், புறப்பட்டால் அல்லவா தாமதமாகும்?" என்று சொல்லி வைப்போம். 2017-ஆம் ஆண்டில் போர்ட் பிளேயரிலிருந்து வடக்கே திக்லிபூர் வரை 240 கிலோமீட்டர் தூரத்துக்குப் பாதை போடும் திட்டம் ஒன்று பேச்சில் அடிபட்டது. அப்போது நம் மதிப்பு ஊரில் சற்றே உயர்ந்தது. பாதை வரவில்லை, மதிப்பும் பழைய இடத்துக்கே இறங்கி வந்தது. 2024-இல் போர்ட் பிளேயருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறியபோது, "நிலையத்துப் பெயர்ப் பலகையை மாற்றும் செலவு உங்கள் இலாகாவுக்கு மிச்சம்" என்று அதற்கும் ஒரு கேலி பிறந்தது.

நம் வேலை எளியது. கப்பலிலோ விமானத்திலோ கடல் கடந்து சென்று, சென்னையில் மதுரை வண்டியோ ராமேசுவரம் வண்டியோ ஏற வேண்டியவர்களுக்கு முன்பதிவு செய்து தருவது. ரயிலைக் காணாத ரயில்காரரின் கண் ஆகாயத்தை நாடியதில் வியப்பென்ன? மேலும், பத்துபஸ்தியில் குடியிருந்துகொண்டு மேலே பார்க்காமல் இருக்கவும் முடியாது. லம்பாலைன் விமான நிலையம் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. வருகிறவையும் போகிறவையும் நம் தகரக் கூரைகளின்மேல் நிழலை இழுத்துக்கொண்டுதான் போக வேண்டும்.

நம் தெருக்கோடியில் ஒரு தேநீர்க் கடை. அதன் முன்னே விசுப்பலகை ஒன்று. மாலை வேளையில் அதில் நால்வர் கூடுவது வழக்கம். ஒருவர் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர். யுத்தத்துக்கு முன்பே இத்தீவில் வேரூன்றிய குடும்பத்தவர். தமிழும் இந்தியும் ஒரே மூச்சில் பேசுவார். மற்றவர் பள்ளி ஆசிரியர். மூன்றாமவர் இராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்து மளிகைக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி. நாலாவது நாம். நெடுங்காலமாகப் பயணி விமானங்கள் பிற்பகலோடு நின்றுவிடும். மாலை ஆகாயம் பெரும்பாலும் கடற்படைக்கும் விமானப்படைக்கும் உரியது. ஆகவே நம் விசுப்பலகைக்கு மேலே பறப்பவை புத்தம் புதியவையாக இருப்பது அபூர்வம்.

பந்தயம் இதுதான்: விமானத்தைக் கண்ணால் காணுமுன் காதால் அறிந்து பெயர் சொல்ல வேண்டும். தோற்றவர் ஜெயித்தவருக்கு ஒரு தேநீர் வாங்கித் தர வேண்டும். ரொக்கம் கிடையாது. கணக்கு அண்ணாச்சியின் பற்றுவரவு நோட்டில் கடைசிப் பக்கங்களில் ஏறும். கைபேசியைப் பார்த்துச் சொல்லுவது விலக்கப்பட்டிருக்கிறது. ஆசிரியரின் மகன் ஒரு நாள் கைபேசியை நீட்டி, "இது ஏர்பஸ், சென்னையிலிருந்து வருகிறது, முப்பத்தாறாயிரம் அடியிலிருந்து இறங்குகிறது" என்று ஒப்பித்தான். பெரியவர் அவனை ஏற இறங்கப் பார்த்து, "தம்பி, அது வாய்பாட்டைப் பார்த்துப் பெருக்கல் போடுவது மாதிரி" என்றார். தவிரவும், படைகளின் விமானங்களிற் பல அக்கைபேசியின் கண்ணுக்கே படுவதில்லை. பெரியவரின் செவிக்கோ தப்புவதில்லை.

வைகாசி தொடங்கி மார்கழி வரை மழை மேகம் மூடிக் கிடக்கும் இத்தீவில் காதை நம்பாமல் முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். மேகத்துக்கு மேலே என்ன போகிறது என்பதை ஒலி ஒன்றே அறிவிக்கும். பயணி விமானம் சீறும். கான்பூரில் நம் நாட்டிலேயே கட்டப்படும் டார்னியர் இரட்டைச் சுழலிகளோடு தேன்கூட்டைத் தூக்கிக்கொண்டு ஓடுவதுபோல் ரீங்காரமிடும். சேத்தக் ஹெலிகாப்டர் மூன்று இறக்கைகளால் காற்றை அடித்துத் துவைத்துக்கொண்டு வரும். வண்ணாரத் துறை நினைவுக்கு வரும். ஏஎன்-32 என்னும் படைச் சரக்கு விமானம் வந்தால் பெயரே சொல்ல வேண்டாம். இயந்திரங்கள் இரண்டையும் இறக்கைக்கு மேலே தூக்கி வைத்து, பெரிய சுழலிகளை மாட்டியிருப்பார்கள். வெப்பம் மிகுந்த இடங்களிலும் உயர்ந்த மலைப்புறங்களிலும் பாரத்தோடு எழும்புவதற்காக அவ்வளவு வலுவான இயந்திரம். நம் ஊர் அரிசி ஆலை ஒன்று கிளம்பி ஆகாயத்தில் போனால் எப்படியிருக்கும், அப்படி இருக்கும். தகரக் கூரையின் ஆணிகள் முதலில் அறியும். பிறகு நாம் அறிவோம்.

இந்த விளையாட்டில் ரயில்காரருக்குச் சிறிது சலுகை உண்டு என்பது நம் கட்சி. நிலையத்தில் நில்லாமல் கடந்து போகும் எஞ்சினின் ஊதல் நெருங்கும்போது உச்சத்திலும், கடந்ததும் தாழ்ந்தும் ஒலிப்பதைத் தாய்நிலத்தில் ரயில் நிலையத்தருகே வசிப்பவர் எல்லாரும் கேட்டிருப்பார்கள். விமானமும் அப்படியே. சுருதி இறங்கிவிட்டால் அது தலையைக் கடந்துவிட்டது. பந்தயம் கட்ட நேரம் முடிந்தது. டாப்ளர் என்னும் அறிஞர் இவ்விதியைச் சொன்னபோது, அதைச் சோதிக்க 1845-இல் ஹாலந்து தேசத்தில் யுட்ரெக்ட் நகருக்கருகே என்ன செய்தார்கள் தெரியுமா? ரயில் வண்டியில் ஊதுகொம்புக்காரர்களை ஏற்றி ஒரே சுரத்தை ஊதச் சொல்லி ஓட்டினார்கள். சங்கீத ஞானமுள்ளவர்கள் பாதையோரத்தில் நின்று சுருதி மாறுவதைக் கேட்டுக் குறித்தார்கள். ஏற்பாடு செய்தவர் பைஸ் பலோட் என்பவர். இதை நாம் விசுப்பலகையில் எடுத்துரைத்தபோது அண்ணாச்சி, "அப்படியானால் உங்கள் இலாகா நாதசுரக்காரரை ஏற்றிக்கொண்டு போனதும் உண்டா?" என்றார். கல்யாண சீசனில் எத்தனை கோஷ்டிகள் ரயிலேறிப் போகின்றன என்று சொன்னோம்.

நிற்க. பெரிய வழக்கு ஒன்று நம் விசுப்பலகையில் ஆண்டுக்கணக்காக நடந்து வருகிறது. பழைய விமானம் என்றால் எது?

பொருட்காட்சிச் சாலையில் வைக்கத் தகுந்ததே பழையது என்பது ஆசிரியரின் அபிப்பிராயம். "விமானியைவிட மூத்ததாக இருந்தால் அது பழைய விமானம்" என்பது பெரியவரின் இலக்கணம். இந்த இலக்கணத்தை வைத்துப் பார்த்தால் சேத்தக் தப்ப முடியாது. பிரான்சு தேசத்தில் அலுவெத் என்ற பெயரோடு அவ்வடிவம் முதன்முதலில் பறந்தது 1959-இல். 1965 முதல் பெங்களூரில் கட்டினார்கள். ராணா பிரதாபரின் குதிரையின் பெயரைச் சூட்டினார்கள். முப்பது வயது விமானி ஒருவர் அதை ஓட்டினால், தகப்பனார் வயதையும் தாண்டிய ஒரு வடிவத்தின்மேல் அவர் அமர்ந்திருக்கிறார் என்று அர்த்தம். "இதே கணக்கில் என் கடைத் தராசும் பழைய விமானந்தான், விலைவாசியோடு சேர்ந்து அதுவும் மேலே போகிறது" என்றார் அண்ணாச்சி.

பெரியவருக்கு மிகவும் பிடித்தது இவையொன்றும் அல்ல. ஐலண்டர் என்ற சின்ன விமானம். 1984-இல் நம் கடற்படை போர்ட் பிளேயரில் ஓர் அணி அமைத்தபோது அதற்குக் கிடைத்த வாகனம் அது. இங்கிலாந்தின் தென்கரையில் வைட் என்னும் தீவில் பிறந்தது. "தீவில் செய்து, தீவுவாசி என்று பெயர் வைத்து, தீவுக்கே அனுப்பினார்கள்; இதைவிடப் பொருத்தமான சம்பந்தம் எங்கே கிடைக்கும்?" என்பார் பெரியவர். பின்னாளில் அதன் இடத்தில் டார்னியர் வந்தது. பெரியவர் அதை இன்னும் புது மருமகளைப் பார்ப்பதுபோலத்தான் பார்க்கிறார்.

விமானம் ஒன்றும் வராத மாலைகளில் துணுக்குக் கேள்விகள். ரைட் சகோதரர் பறந்தது 1903 டிசம்பர் 17. அதே டிசம்பர் 17-இல், 1935-இல், முதன்முதல் மேலெழும்பிய விமானம் எது? டாகோட்டா. இது ஆசிரியரின் கேள்வி. சென்னையில் முதன்முதல் விமானத்தில் பறந்தவர் யார்? மவுண்ட் ரோடில் ஓட்டல் நடத்திய டாஞ்சலிஸ் துரை. சிம்சன் கம்பெனியாரைக் கொண்டு விமானம் கட்டுவித்து, 1910-இல் பல்லாவரத்தில் பறந்து காட்டினார். அன்றிரவே அண்ணாச்சி, "ஓட்டல்காரர் பறந்தாரென்றால் மளிகைக்காரர் பறக்கலாகாதா?" என்று வீட்டில் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டதாகக் கேள்வி. 1932 அக்டோபர் 15-ஆம் தேதி ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் மூட்டைகளோடு தாமே ஓட்டி வந்தார் என்பது பலரும் அறிந்தது. அந்தத் தபாலை பம்பாயிலிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டு வந்தவர் யார் என்பதுதான் கேள்வி. நெவில் வின்சென்ட். இந்த ஒரு பெயருக்காக நமக்கு மூன்று தேநீர் வர வேண்டியிருக்கிறது.

பெரியவர் இத்தகைய கேள்விகளில் அதிகம் கலந்துகொள்வதில்லை. அவரது செவி வேறு பள்ளியில் பயின்றது.

1942 மார்ச் 23-இல் ஜப்பானியர் இத்தீவில் இறங்கினார்கள். அடுத்த மாதமே ஆங்கிலேயரின் ஹட்சன் விமானங்கள் வந்து, துறைமுகத்தில் மிதந்துகொண்டிருந்த ஜப்பானியரின் பெரிய கடல் விமானங்களைத் தாக்கின. பிறகு ஜப்பானியர் லம்பாலைனில் ஓடுபாதை அமைக்கத் தலைப்பட்டார்கள். இன்று நம் தலைக்கு மேலே போகும் ஒவ்வொரு விமானமும் தொட்டு இறங்குகிற நிலம் அதுவே. மண் சுமந்தவர்கள் ஊர் மக்கள். கூலிக்காக அல்ல, கட்டளைக்காக. பெரியவரின் தகப்பனார் அவர்களில் ஒருவர். 1943 டிசம்பர் 29-ஆம் தேதி நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் ஜப்பானிய விமானத்தில் போர்ட் பிளேயர் வந்து இறங்கி, மறுநாள் மூவர்ணக் கொடி ஏற்றினார். அதைச் சரித்திரம் எழுதிவைத்திருக்கிறது. விமானம் இறங்கத் தரையைச் சமன் செய்த கைகளைப் பற்றிப் பெரியவர் வீட்டில்தான் பேசியிருக்கிறார்கள்.

1944 ஜூன் 21-இல் இல்லஸ்ட்ரியஸ் என்ற ஆங்கிலேய விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து பாரகூடா, கோர்சேர் என்னும் விமானங்கள் புறப்பட்டு வந்து போர்ட் பிளேயர்மீது குண்டு வீசின. பாரகூடா குண்டு சுமப்பது. கோர்சேர் அதற்குக் காவல் போவது. வருவது தீவை வைத்திருப்பவனுடையதா, தீவைத் தாக்க வருபவனுடையதா என்று ஒலியை வைத்தே தெரிந்துகொண்டு, பள்ளத்தில் குதிப்பதா, சுமையைத் தொடர்ந்து சுமப்பதா என்று அந்தக் கணமே தீர்மானிக்க வேண்டும். இரண்டிலும் ஆபத்து உண்டு. காரணமின்றிச் சுமையை இறக்கி வைத்தால் அடி விழும். இவ்வாறு பழகிய செவி தகப்பனாரிடமிருந்து மகனுக்கு வந்திருக்கிறது. "எங்கள் வீட்டில் இது விளையாட்டாக ஆனது என் காலத்தில்தான்" என்று பெரியவர் ஒரு முறை சொன்னார். சொல்லிவிட்டு, தேநீரில் சர்க்கரை போதவில்லை என்று கடைக்காரரைக் கோபித்துக்கொண்டார்.

ஏஎன்-32 விமானத்துக்கு நம் விசுப்பலகையில் வேறு பெயர். விமானப்படையார் அதற்கு சட்லெஜ் என்று நதியின் பெயர் வைத்திருக்கிறார்கள். பெரியவர் வைத்த பெயரோ "தாம்பரம் பஸ்". தாம்பரம் விமானப்படைத் தளத்திலிருந்து படையினரையும் அவர்களைச் சேர்ந்தவர்களையும் சாமான்களையும் ஏற்றிக்கொண்டு வருவதால் அந்தப் பெயர். தாம்பரம் என்றால் நம் இலாகாவினருக்கு 1931-இல் தொடங்கிய மின்சார ரயில்தான் நினைவுக்கு வரும். கடற்கரை நிலையத்திலிருந்து அங்கே போவதும் வருவதும் அதற்குத் தொழில். "உங்கள் தாம்பரம் வண்டி கடற்கரையோடு நின்றுவிடுகிறது, எங்கள் தாம்பரம் வண்டி கடலையே தாண்டுகிறது" என்று பெரியவர் நம்மை மடக்குவார். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின், தீவுகளுக்கு உதவிப் பொருள்களைக் கொண்டுவந்தும், தவித்து நின்ற மக்களை ஏற்றிச் சென்றும் உழைத்தவற்றில் இந்த விமானங்களும் சேர்ந்தவை. ஆகவே அந்த அரிசி ஆலைச் சத்தத்துக்கு இங்கே ஒரு மரியாதை உண்டு.

2016 ஜூலை 22, வெள்ளிக்கிழமை. காலை எட்டரை மணிக்குத் தாம்பரத்தில் புறப்பட்ட ஏஎன்-32 விமானம் நண்பகலுக்கு முன் இங்கே வந்திருக்க வேண்டும். அதில் 29 பேர் இருந்தார்கள். கதவெண் கே-2743. ஊரில் யாருக்கும் அதன் நேரம் முறையாகத் தெரியாது. பத்துபஸ்தியில் கூரை அதிர்வதுதான் அதற்குக் கால அட்டவணை. அன்று கூரை அதிரவில்லை. மழைக்காலத்தில் ஒரு நாள் வராமலிருப்பது புதிதல்ல. பிற்பகலில் செய்தி பரவியபோது நாம் விசுப்பலகைக்குப் போனோம். பெரியவர் முன்னதாகவே வந்து உட்கார்ந்திருந்தார். மற்ற இருவரும் வந்தார்கள். அன்று யாரும் கேள்வி எதுவும் கேட்கவில்லை. தேடும் விமானங்கள் அன்று மாலையும் அதன் பின் பல நாட்களும் போய் வந்தன. எது எது என்று நால்வருக்கும் தெரிந்தது. ஒருவரும் பெயர் சொல்லவில்லை.

கப்பல்களும் விமானங்களும் வாரக்கணக்கில் தேடியும் கடல் ஒரு துண்டையும் திருப்பித் தரவில்லை. ஏழரை ஆண்டுகள் கழிந்து, 2024 ஜனவரியில், சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தாரின் ஆளில்லா நீர்மூழ்கிக் கருவி எடுத்த படங்களில் அதன் சிதைவுகள் தென்பட்டன என்று அரசாங்கம் அறிவித்தது. சென்னைக் கரையிலிருந்து சுமார் 310 கிலோமீட்டர் தொலைவு. 3,400 மீட்டர் ஆழம். ஆசிரியர் அந்தப் பத்திரிகைத் துண்டைக் கொண்டுவந்து பெரியவரிடம் கொடுத்தார். பெரியவருக்குக் கண்ணாடி கைவசம் இல்லை. நாம் படித்துக் காட்டினோம். 310 கிலோமீட்டர் என்ற இடத்தில் மீண்டும் ஒருமுறை படிக்கச் சொன்னார். "அப்படியானால் இந்தப் பக்கம் பாதிவழிகூட வரவில்லை" என்றார்.

அன்றிலிருந்து நம் ஆட்டத்தில் ஒரு விதி கூடியிருக்கிறது. யாரும் முன்மொழியவில்லை, யாரும் ஆமோதிக்கவில்லை. ஏஎன்-32 மேல் பந்தயம் கிடையாது. கூரை அதிரத் தொடங்கினால் பேச்சு நின்றுவிடும். சுருதி இறங்கி, ஓடுபாதைப் பக்கம் இயந்திரத்தின் இரைச்சல் தணிந்து அடங்கும் வரையில் யாரும் தேநீரைக்கூட எடுப்பதில்லை. பிறகு பெரியவர், "பஸ் வந்தாயிற்று" என்பார். கேலி அந்த நிமிஷத்திலிருந்து மறுபடி ஆரம்பமாகும். பெரும்பாலும் நம் தாமதமாகாத வண்டியைக் குறித்துத்தான்.

விமானம் பழையதானால் ஆபத்து என்று சிலர் அப்போது எழுதினார்கள். வயது ஒன்றையே பார்த்துத் தீர்ப்புச் சொல்லுவது நமக்குச் சம்மதமில்லை. நன்கு பேணப்பட்ட கிழவர் நடப்பார். பேணப்படாத வாலிபர் விழுவார். ரயிலில் இதை நாள்தோறும் காணலாம். நீலகிரி மலை ரயில் நூறாண்டைக் கடந்தும் குன்னூர் ஏறுகிறது. ஆனால் தீவில் வாழ்பவருக்கு இந்த விவாதம் வேறு வகையில் அமைகிறது. மற்ற ஊரில் பழைய விமானம் என்றால் வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடும். இங்கே அதில் நம் வீட்டாரோ, பக்கத்து வீட்டாரோ, மருந்துப் பெட்டியோ வருவதாக இருக்கும். தொலைதீவிலிருந்து பிரசவ வேதனையோடு ஒரு பெண்ணைச் சேத்தக் தூக்கிக்கொண்டு வந்த செய்தியை எத்தனையோ முறை பத்திரிகையில் கண்டிருக்கிறோம்.

வேடிக்கைக்காகவே பழைய விமானத்தைப் பார்க்க வேண்டுமென்பது அண்ணாச்சியின் ஆசை. அதற்கும் ஒரு கதை உண்டு. நம் விமானப்படையார் டெல்லிக்கருகே ஹிண்டன் தளத்தில் புராதன விமானங்களுக்கென்று ஓர் அணி வைத்திருக்கிறார்கள். டைகர் மாத், ஹார்வர்டு ஆகியவற்றோடு 2018 மே 4 அன்று ஒரு டாகோட்டாவும் அதில் சேர்ந்தது. இங்கிலாந்தில் செப்பனிடப்பட்டு, ஏப்ரலில் தானே பறந்து, பல தேசங்களைத் தாண்டி, ஜாம்நகரில் வந்து இறங்கியது. ராஜீவ் சந்திரசேகர் அவர்கள் வாங்கிப் பரிசளித்தது; அவருடைய தகப்பனார் விமானப்படையில் டாகோட்டா ஓட்டியவர். பரசுராமா என்று பெயர் சூட்டி, விபி-905 என்ற எண்ணை இட்டிருக்கிறார்கள். 1947 அக்டோபர் 27-இல் காஷ்மீரத்தைக் காக்க ஸ்ரீநகரில் படைகளோடு இறங்கிய டாகோட்டாவின் எண் அது.

ஆசிரியர் இதை விவரித்து முடித்ததும் அண்ணாச்சி எழுந்து நின்றார். "எழுதிக்கொள்ளுங்கள். அந்த டாகோட்டா ஒரு நாள் பத்துபஸ்திக்கு மேலே பறந்தே தீரும். பத்துத் தேநீர்!" என்றார். ஆசிரியர் எதிர்த்துக் கட்டினார். "அது வந்தால் கேட்டதும் நான் சொல்லிவிடுவேன்" என்றார் பெரியவர். "தாங்கள் டாகோட்டாவின் சத்தத்தைக் கேட்டிருக்கிறீர்களா, ஐயா?" என்றோம். "சின்ன வயதில் ஒருமுறை. அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவர் கை இறுகவில்லை, அதனால் பயமில்லாத விமானம் என்று தெரிந்துகொண்டேன்" என்றார்.

எழுத்து வேலை நம் தலையில்தானே விழும்? அண்ணாச்சியின் பற்றுவரவு நோட்டில், இராமநாதபுரத்து மிளகாய் மூட்டைக் கணக்குக்கும் பெரியவரின் சர்க்கரைக் கடனுக்கும் பின்னால், நம் கையெழுத்தில் அது இன்றும் இருக்கிறது: டாகோட்டா, விபி-905, தேநீர் பத்து, நிலுவை.